காற்றுக்கு ஒரு கொத்து முடி

ஹெல்மெட்டை மாட்டி வாரை இறுக்கிய பிறகு, இடது காதோரம் ஒரு கொத்து முடியை மட்டும் வெளியே இழுத்து விடுவாள் ஃபெலிஸ்பேலா. விதிப்படி அது தவறு. படைத் தலைவர் பல்தசார் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். “இதுதான் தம்பி என் கருவி. உன் கையில இருக்கிற காத்துமானிக்கு பேட்டரி தீரும், இதுக்குத் தீராது” என்பாள். பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பாள். “முடி காதுப் பக்கம் போச்சுன்னா வேலையப் பாரு. மூக்குல வந்து கூசுச்சுன்னா தண்ணிக் குழாயப் புடி.”

போர்த்தேலா மலைக்கிராமத்தின் காட்டுத்தீத் தடுப்புப் படையில் தீ வைப்பவள் அவள். குளிர்காலத்தில், மண் ஈரமாக இருக்கும் நாட்களில், மலைச்சரிவில் மண்டிய தோஜு முட்புதரைத் துண்டு துண்டாக எரிப்பது படையின் வேலை. மற்றவர்கள் தண்ணீரும் மண்வெட்டியுமாக ஓரங்களில் நிற்க, மூக்கு நீண்ட தகரக் குடுவையைச் சாய்த்து, கோலப்பொடி விடுகிறவளைப் போலத் தீயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு நடப்பாள் பேலா. ஊரில் யாரும் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அவளும் தீயைத் தீ என்று சொல்வதில்லை. சம்பந்தி என்பாள். “கல்யாணத்துக்குக் கூப்பிடாம விட்டா சம்பந்தியம்மா சும்மா இருப்பாளா? ஆகஸ்ட் மாசம் வாசலை ஒடச்சிக்கிட்டு வருவா. நாமளே ஜனவரியில கூப்பிட்டு, கொஞ்சமாப் பரிமாறி, மரியாதையா அனுப்பி வச்சிடணும்.” காப்பிக்கடைக்குள் அவள் நுழைந்ததும் யாராவது தொடங்கிவிடுவார்கள்: “சம்பந்திக்குச் சாப்பாடு ஆச்சா பேலா?” “ஆச்சு. உங்களை மாதிரி குடிச்சிட்டு உளறல. சாப்பிட்டா, தூங்கிட்டா.” தலையணையெல்லாம் புகைவாசம் என்று புருஷன் குறைப்பட்டுக்கொண்டால், “சம்பந்தி வீட்டு வாசம், பொறுத்துக்கோ” என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அந்த முடிக்கொத்தை எப்போது உள்ளே செருகுவாள் என்பதை ஊரே கவனித்து வைத்திருக்கிறது. எரித்த நிலம் நன்றாக ஆறிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்த பிறகுதான். கோடை முழுக்க அது வெளியேதான் தொங்கும். சூப்புக் கிண்ணத்தின் மேல் தொங்கும். தேவாலயப் பூசையில், முக்காட்டுக்கு வெளியே தொங்கும். அவள் அண்ணன் அமாரு காட்டுத்தீயில் மாண்ட கோடைக்குப் பிறகு வந்த வழக்கம் இது. ஆடுகளைத் திருப்பிக்கொண்டு வர மேலே ஏறியவரை, ஊருக்கு மேலே உள்ள சரிவில், ஒரு தட்டைப் பாறையின் அடியில் கண்டெடுத்தோம்.

அந்தச் சரிவு இப்போது அமாருவின் மனைவி ஒலிம்பியாவுக்குச் சொந்தம். ஒவ்வொரு குளிர்காலமும் பேலா அண்ணியின் கதவைத் தட்டுவாள். “என் நிலத்துல தீயா? நீயா வந்து கேக்குற?” என்று கதவு மூடும். கருகிய இடத்தில் முட்புதர் மறுபடி ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. அடுத்த பெருந்தீ வந்தால் முதலில் விழுவது ஒலிம்பியாவின் கூரைதான். புல்லுக்காக, சொல்லாமல் கொளுத்திவிட்டு ஓடுகிற மேய்ப்பர்கள் இங்கே இல்லாமல் இல்லை. பேலா அதற்குச் சம்மதிக்கவில்லை. “வீட்டுக்காரி கூப்பிடாம சம்பந்தி வரக்கூடாது.”

இந்த ஜனவரியில் ஒலிம்பியா கதவை மூடவில்லை. “நானும் வந்து நிப்பேன். நிறுத்துன்னா நிறுத்தணும்” என்றாள்.

“நிறுத்துறேன் அண்ணி.”

உச்சிப் பாதையிலிருந்து தொடங்கினார்கள். கீழிருந்து காற்று மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்துத் தீ அங்குலம் அங்குலமாக இறங்கியது. பேலாவின் முடி காதோடு ஒட்டிக் கிடந்தது. பாதிச் சரிவு கறுத்தபோது, கீழே அந்தத் தட்டைப் பாறை தெரிந்தது.

“நிறுத்து” என்றாள் ஒலிம்பியா.

பேலா குடுவையை நிமிர்த்தினாள். சொட்டு நின்றது.

“அக்கா, சாயங்காலம் காத்து திரும்பிடும்! மேலேருந்து அடிச்சா ஊருக்குள்ள போயிடும், சீக்கிரம் முடிங்க” என்று பல்தசார் ஓரத்திலிருந்து கத்தினார்.

“அண்ணி சொல்லாம ஒரு சொட்டு விழாது. தண்ணியத் தயாரா வச்சிக்கிட்டுச் சும்மா இரு.”

ஏற்கெனவே வைத்த தீ முழங்கால் உயரத்தில் பாறையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிம்பியா அதன் பக்கத்தில், ஓரத்து வெட்டுப்பாதையில் நடந்தாள். இரண்டு இடத்தில் நின்று, அது வந்து சேரக் காத்திருந்தாள். பாறையருகே வந்த தீ, மந்தை பிரிவதுபோல் இரண்டாகப் பிரிந்து, மறுபுறம் சேர்ந்துகொண்டது. பாறை அப்படியே கிடந்தது.

“இந்தத் தீயோட கூடவே நடந்து போகலாம் போலிருக்கே” என்றாள் ஒலிம்பியா. கொஞ்சம் கழித்து, “அன்னைக்கு அவரால ஓடக்கூட முடியலையே, பேலா.”

பேலா குடுவையை நிமிர்த்திப் பிடித்தபடியே நின்றாள். காதோரம் கிடந்த முடி லேசாக முன்னுக்கு வந்து, மறுபடி பின்னுக்குப் போனது. பல்தசார் அதைப் பார்த்துவிட்டார். தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“மிச்சத்தையும் போடு. காத்து திரும்புறதுக்குள்ள” என்றாள் ஒலிம்பியா.

காற்று திரும்புவதற்குள் கடைசித் துண்டும் எரிந்து அணைந்தது. ஓரங்களுக்குத் தண்ணீர் அடித்தார்கள். வழக்கமாகப் பேலா கையுறையைக் கழற்றிச் சாம்பலுக்கு அடியில் விரல் விட்டுப் பார்ப்பாள். மேலே எத்தனை கறுத்தாலும் அடிமண் ஈரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் வேர் பிழைக்கும், வசந்தத்தில் புல் வரும். அன்று அவள் குனிவதற்கு முன்னால் ஒலிம்பியா மண்டியிட்டுவிட்டாள். பாறையை ஒட்டி, மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டாள்.

“குளுகுளுன்னு இருக்குடி” என்றாள்.

பேலா பள்ளத்தாக்கை ஒருமுறை பார்த்தாள். பிறகு, காதோரம் கிடந்த முடிக்கொத்தை விரலில் சுற்றி, ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.