எட்டு விளக்கும் எரிந்தன

மன்னார்குடியில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலம். ஹமீது பாய் கடைக்கு நான்தான் நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். மலிவான விளக்கு டெஸ்டரில் எட்டுக் கம்பிகளுக்கும் பச்சை எரிந்தது. வழக்கம்போல் தேதி போட்டு, 'எல்லாம் சரி' என்று நோட்டில் எழுதினேன்.

ஆனால் வீடியோ அடிக்கடி உறைந்து நின்றது. மூன்று வாரம் டெலிபோன் லைனையும் அதைப் பார்க்க வந்த லைன்மேனையுமே குறை சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, நாற்பது நாள் குழந்தையோடு ஒரு பெண் வந்தார். ஷார்ஜாவிலிருந்த கணவர் பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்க வேண்டும். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கணவர் அந்தப் பெண்ணின் செல்போனில் கூப்பிட்டார்; அவர் போனை என்னிடம் நீட்டினார். கணவருக்கும் அங்கே கேபிள் வேலைதானாம்.

"அண்ணே, கேபிள் முனையில கம்பிங்களோட கலரை வரிசையா படிங்க."

படித்தேன். சிரித்தார். "ஜோடி ஜோடியா அழகா அடுக்கிட்டீங்க. மூணாவது இடமும் ஆறாவது இடமும் சேர்ந்துதான் ஒரு சிக்னல்; முறுக்கின பச்சை ஜோடி அந்த ரெண்டுலயும் போகணும்ணே. ஜோடி மாறினா சிக்னல் கலங்கிடும்."

"டெஸ்டர் சரின்னு காட்டுச்சே?"

"கம்பி முட்டுதான்னுதான் அது சொல்லும். எதுக்கு எது ஜோடின்னு தெரியாது. அதையும் அளக்குற மீட்டர் வாங்குங்க."

"பாவம், அந்த லைன்மேனை என்னா திட்டு திட்டுன!" என்றார் பாய்.

இரண்டு முனைகளையும் வெட்டி, அவர் சொன்ன வரிசையில் மாற்றினேன். படம் தெளிவாக ஓடியது. குழந்தை கொட்டாவி விட்டது. திரையில் கணவரின் முகம் அசையவில்லை. மறுபடியும் உறைந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீட்டர் வாங்கி, நான் இழுத்த மற்ற கேபிள்களை அளந்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. நோட்டில் பழைய வரியை நான் அடிக்கவில்லை. அதன் கீழே புதிய தேதி போட்டு, 'விளக்கு எரிந்ததை மட்டும்தான் பார்த்தேன்' என்று எழுதினேன்.