குப்பைப் பெட்டிக்குப் போன கடிதங்கள்

பெரியகல்லாற்றுத் தக்ஷாயினியின் தம்பியைக் கடல் கொண்டுபோய்விட்டது. வீட்டில் அத்திவாரம் மட்டுமே மிச்சம். ஆனாலும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்த அந்தப் பெண், முகாமிலிருந்து பஸ் ஏறிப் புளியந்தீவு நிவாரண அலுவலகத்துக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே மின்னஞ்சல்களை வாங்கி வைக்கும் சேர்வர் கணினி அவள் பொறுப்பு.

இரண்டாயிரத்து ஐந்து, தை மாதம். உறவுகளைத் தேடி உலகமெங்குமிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. கூடவே, சுனாமியின் பெயரால் காசு பறிக்கும் போலிகளும் வந்தன. சேர்வரிலிருந்த வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டது: சந்தேகமான சொல்லுக்குக் கொஞ்சம், கறுப்புப் பட்டியலிலுள்ள முகவரிக்குக் கொஞ்சம். புள்ளி எல்லை மீறினால் குப்பைப் பெட்டிதான்.

காத்தான்குடி உம்மு குல்தூம், பேரன் நௌஷாட்டை இடுப்பில் சுமந்தபடி அன்றும் வந்தாள். நௌஷாட்டின் தாயான அவள் மகள் றஸீனா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள்.

“மகள்ட கடிதம் இன்னும் ஒண்டும் வரல்ல உம்மா” என்றாள் தக்ஷாயினி.

“அனுப்பினாளாம் மகள். நம்மட ஊர்ப் பொடியன் ஒருத்தன் அங்கயிருந்து போன் எடுத்துச் சொன்னான். புள்ளையும் கடல்ல மௌத்தாப் போயிட்டான் எண்டு சோறு தண்ணி இல்லாமக் கிடக்காளாம். இரிக்கான் எண்டு நான் சொல்ல முதல் லைன் அறுந்து போச்சு.”

அப்படியென்றால் அந்தக் கடிதம் எங்கே போனது?

பின்னாலிருந்து பொறுப்பதிகாரி வினாயகமூர்த்தியின் குரல் கேட்டது.

“பிள்ள, சேர்வர்ல இடமில்ல. அந்தக் குப்பை எல்லாத்தையும் அழிச்சு விடு.”

“அழிக்க மாட்டன் சேர்.”

“ஏன், குப்பைக்குள்ள மாணிக்கம் கிடக்கோ?”

“ஒரு தாய்ட கடிதம் அதுக்குள்ள கிடக்கும் போல. பின்னேரம் வரைக்கும் பொறுங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகப் படிக்க நேரமில்லை. சிலவற்றைத் திறந்தாள். வளைகுடாவின் இன்டர்நெட் கடைகளில் தமிழ் எழுத்து இல்லை. உம்மா, வாப்பா, மகன் என்பதையெல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். வெளிநாட்டில் செய்த வடிகட்டிக்கு அது அர்த்தமற்ற எழுத்துக் கூட்டம். போலிகளும் அப்படித்தான் கிறுக்கும். போதாக்குறைக்கு, போலிகளும் அதே கடைகளிலிருந்து போனதால் அவற்றின் முகவரிகளும் கறுப்புப் பட்டியலில் இருந்தன.

எது நல்லது, எது குப்பை என்று காட்டக் காட்டப் பழகும் வடிகட்டி அது. நம் சனங்களின் கண்ணீரை இதுவரை யாரும் அதற்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். தக்ஷாயினி உண்மையான கடிதங்களைப் பொறுக்கி, இவை நல்லவை என்று அதற்குப் பழக்கினாள். கறுப்புப் பட்டியலுக்கான புள்ளியைக் குறைத்தாள். சாப்பாட்டுக்கும் எழும்பாமல், முழுக் குவியலையும் மறுபடி வடிகட்டினாள்.

நல்ல பெட்டிக்குள் கடிதங்கள் ஏறத் தொடங்கின. றஸீனாவின் கடிதமும் வந்தது. ஒன்றல்ல, அடுத்தடுத்துப் பல. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: என்ட மகன் இரிக்கானா?

வாசித்துக் காட்டியபோது உம்மு குல்தூம் பேரனை நெஞ்சோடு இறுக்கினாள்.

“அவட மாப்பிள்ளையும் வீடும் கடலோட போனத எழுதட்டா உம்மா?”

“அதெல்லாம் பொறகு மகள். புள்ள இரிக்கான் எண்டு அடிங்க. அத மட்டும் இப்ப அனுப்புங்க.”

தக்ஷாயினி அனுப்பினாள். நிமிர்ந்தபோது பக்கத்தில் வினாயகமூர்த்தி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அடுத்த கடிதத்தத் திற பிள்ள. பேரச் சொல்லு, முகாம் முகாமா நான் விசாரிக்கிறன்.”