என் மெஷினில் மட்டும் ஓடாத டெஸ்ட்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், உருக்காலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற சின்ன கம்பெனியில் எனக்கு முதல் வேலை. பெட்டிக்குள் ஓடும் புரோகிராம்களுக்காக எழுதியதைப் பெட்டிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றை அவர்களே வைத்திருந்தார்கள். அதில் மாற்றம் செய்யும்போதெல்லாம் டெஸ்ட்டுகளை ஓட்டிப் பார்ப்பது, பயிற்சியில் இருந்த என் வேலை.

எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் பாஸ். புதிதாக வாங்கிய என் மெஷினில் மட்டும், புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொதுத் தொகுப்பான லைப்ரரி கிடைக்கவில்லை என்று ஒன்றுவிடாமல் ஃபெயில்.

"இன்னாம்மா, ஊருக்கெல்லாம் ஓடுது, உனுக்கு மட்டும் ஓடலியா? பக்கத்து மெஷின்லருந்து லைப்ரரிய காப்பி பண்ணிக்கினு வேலயப் பாரு. இந்த வாரத்துக்குள்ள முடிக்கலன்னா உன்ன கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி எழுத மாட்டேன்" என்றார் மேனேஜர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பயமும்தான். எளாவூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இதே பேட்டையில் காண்டிராக்ட் வேலை, அப்பாவும் அப்படித்தான். வேலை இல்லையென்று சொல்லிவிட்டால் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். மகளாவது அப்படி நிற்கக் கூடாது என்று வாய் ஓயாமல் சொல்வார்.

காப்பி பண்ணியிருந்தால் நொடியில் முடிந்திருக்கும். ஆனால் நான் பிடிவாதக்காரி. என் மெஷினில் இல்லாத லைப்ரரி மற்றவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று தெரியாமல் விட மனமில்லை. புரோகிராம் ஓடத் தொடங்கும்போது தனக்கு வேண்டிய லைப்ரரியைச் சில ஃபோல்டர்களில் வரிசையாகத் தேடும். பெயர் பொருந்தினால் போதும், முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். புதியதா பழையதா என்று கேட்காது. நாமும் பல விஷயங்களில் அப்படித்தான் இருக்கிறோம்.

பக்கத்து மெஷினில், எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். எப்போதோ இன்ஸ்டால் செய்த பழைய வெர்ஷன்! புதிய லைப்ரரி இருந்த ஃபோல்டரை யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள். டெஸ்ட்டுக்கு அதைச் சொல்லவில்லை. இத்தனை மாதமாகப் பாஸ் ஆனதெல்லாம் பழையதுதான். என் மெஷினில் பழையதே கிடையாது, அதனால்தான் ஃபெயில்.

சரியான ஃபோல்டரைக் காட்டி என் மெஷினில் ஓட்டினேன். பெரும்பாலானவை பாஸ். எண்களைக் கணக்கிடும் டெஸ்ட்டுகள் மட்டும் வரிசையாக ஃபெயில்.

புதிய லைப்ரரியை எழுதியவர் எங்கள் சீனியர். நல்ல மனிதர். அந்த லைப்ரரிக்காக எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். மேனேஜரையும் அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சீனியர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் எழுதினது ஒரு நாள்கூட ஓடலியா?"

"இப்பதான் சார் மொத தடவ ஓடிச்சு."

சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை.

"ஏந்திரும்மா, சாருக்கு எடம் உடு. இந்த மெஷின்லதான் பாக்கணும்" என்றார் மேனேஜர்.

நான் எழுந்திருக்கவில்லை. "சார் பக்கத்துல ஒக்காரட்டும் சார். நானே ஓட்டறேன்."

மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சரி, முடிச்சிட்டுச் சொல்லு. உன்ன கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி எழுதிடறேன்" என்றபடி, பக்கத்து மேஜையிலிருந்து ஒரு சேரை அவரே இழுத்துவந்து போட்டார்.