சிவலைக்குத் தெரியாத முகம்

எங்கள் அயலில் தாடி என்றால் ஆழ்வாப்பிள்ளை மாமாதான். கொடிகாமம் சந்தையில் தேங்காய் விற்பவர். கலியாணப் படத்திலும் கறுகறுத்த தாடியோடுதான் நிற்கிறார். அவருடைய பசு சிவலை, வேறு ஒருவரையும் மடியில் கைவைக்க விடாது. அவர் மனைவி பத்மாசினி மாமி கிட்டப் போனாலே காலைத் தூக்கும்.

தாயார் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலை போன மாமா, வழக்கப்படி தலையும் முகமும் மழித்துக்கொண்டு வந்தார். பின்னேரம் செம்போடு கொட்டிலுக்குள் நுழைந்தவரைக் கண்டதும் சிவலை கயிறு அறும்படி பின்வாங்கியது. கன்று போட்ட புதிது. கன்று குடித்தும் பால் மிஞ்சி, மடி கல்லாகிக்கொண்டு வந்தது. கறக்காவிட்டால் முலை பழுதாகிவிடும்.

“மொட்டையிலை பூசின சந்தன மணம் பிடிக்கேல்லையாக்கும்” என்றார் மாமி. மாமா முழுகி, பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு போனார். பலனில்லை.

நான் கம்பஸில் விலங்கியல் படித்தவன். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. மணம் இல்லையென்றால் குரலா, உருவமா என்று பிரித்துப் பார்க்க ஆசை வந்தது.

“மாமா, வேலிக்கு அங்காலை நிண்டு கூப்பிடுங்கோ.”

“என்ரை பிள்ளை, வாடி” என்றார் கிடுகு வேலிக்குப் பின்னாலிருந்து. சிவலையின் காதுகள் திரும்பின. கத்திப் பதில் சொன்னது. அவர் வெளியே வந்தார். மறுபடி பின்வாங்கியது.

“குரல் சரி. கண்ணிலைதான் விசயம்” என்றேன்.

மாமி கறுத்த துவாய்த் துண்டை அவர் மொட்டையில் சுற்றிவிட்டார். சிவலை இன்னும் வெருண்டது. அதையே அவிழ்த்து, தாடி இருந்த இடம் மறைய மூக்குக்குக் கீழே கட்டினோம்.

“களவெடுக்கப் போற ஆள் மாதிரி இருக்கிறியள்” என்றார் மாமி.

“பேசாமல் இரும். நீர் சிரிச்சால் அதுவும் வெருளும்.”

சிவலை அவரை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மற்றக் கண்ணாலும் பார்த்தது. பிறகு அசைபோடத் தொடங்கியது. மாமா மெதுவாகக் குந்தினார். பால் முதலில் நூலாக வந்தது. பிறகு செம்பில் நுரைத்தது. மடி இளகியது.

“இவ்வளவு நாளும் என்னைப் பாக்கேல்லை, தாடியைத்தான் பாத்திருக்கிறாள்” என்றார் மாமா, கொஞ்சம் மனத்தாங்கலாக.

“அப்பிடிச் சொல்லேலாது மாமா. கறுப்பாத் தெரிஞ்சதாலையோ, வாய் மறைஞ்சதே போதுமோ, எனக்கு இன்னும் விளங்கேல்லை.”

அவர் துவாயை அவிழ்க்காமலே யோசித்தார்.

“அப்ப நாளைக்கு வெள்ளைத் துவாயைக் கட்டிக்கொண்டு முன்னாலை போய் நிண்டு பாப்பம். ஆனால் முதல் இந்தக் கறுத்ததோடை கறந்து முடிச்சிட்டு.”