எண்பத்திரண்டுக்கு முன் பிறந்தவர்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கண் மருத்துவமனைத் தாதி தொலைபேசியில் அழைத்து, நான் எழுதிக் கொடுத்த பதிவு மென்பொருள் ஒருவரின் பிறந்த தேதியைத் தப்பாகக் காட்டுகிறது என்றபோது, நீங்கள்தான் தப்பாகத் தட்டியிருப்பீர்கள், அடையாள அட்டையை நன்றாகப் பாருங்கள் என்று திருப்பிச் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் நான்தான்.

தாதி கோபப்படவில்லை. அன்று காலை கண்புரை ஆபரேஷனுக்கு வந்த பேருந்து ஓட்டுநரின் அட்டையில் பன்னிரண்டாம் தேதி, திரையில் பதினொன்று. தேதி பொருந்தாமல் கத்தியை எடுக்கக்கூடாது என்பது விதி. அவரை நிறுத்திவிட்டார்கள், மாலை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். பார்வைச் சோதனையில் தேறாததால் நிறுவனம் ஏற்கெனவே அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டதாம். ஆபரேஷன் முடிந்தால்தான் மறுபடி ஓட்டலாம்.

தேக்கா பக்கம் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து என் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. பக்கத்து மேசைக்காரருடையதும் சரி. ஓட்டுநருடையதைப் போட்டால் ஒரு நாள் குறைந்தது. மதியம் வரை மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு பிறந்தபோது சிங்கப்பூரில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதற்கு முன் உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தோம், அதன்பிறகு எட்டு. சேமிக்கும்போது உலகப் பொது நேரத்துக்கு மாற்ற, எல்லாக் காலத்துக்கும் எட்டைக் கழிக்கும்படி நான் கையால் எழுதிவைத்திருந்தேன். காட்டும்போது, நேரக் கணக்குக்கு நான் பயன்படுத்திய, பிறர் எழுதிய ஆயத்த நிரல் அந்தக் காலத்து ஏழரையைக் கூட்டியது. தேதியை நள்ளிரவு பன்னிரண்டு மணியாக வைத்திருந்ததால், அது முந்தைய நாள் இரவு பதினொன்றரையாகிவிட்டது. பிறந்த தேதிக்கு மணி எதற்கு? வெறும் தேதியாகவே வைத்திருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ரயிலேறித் தெம்பனிஸில் இருக்கும் மருத்துவமனைக்குப் போனேன். ஓட்டுநர், பதிவு முகப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு போட வாங்கிய கறுப்புக் கண்ணாடி, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் சட்டைப் பையில் இருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்லி, நடந்ததை விளக்கினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அரை மணி நேரத்த அப்பவே எடுத்துக்கிட்டாங்க லா. நீ ஒரு நாளையே எடுத்துட்டியே மா."

அன்றைக்கான ஆபரேஷன்கள் முடிந்துவிட்டதால் தாதி அடுத்த தேதியைத் தேடினார். ஆறு வாரம் கழித்துத்தான் இடம் இருந்தது. ரத்தாகும் இடம் ஏதாவது உண்டா என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன், இல்லை. அதுவரை டிப்போவில் பேருந்து கழுவும் வேலைதான் என்றார் ஓட்டுநர். இருபத்தைந்து வருடம் ஓட்டியவர். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிச்சிடுங்க அங்கிள் என்றேன்.

பரவாயில்லை என்று கையசைத்தார். பிறகு, மருத்துவமனைக்குக் கொடுக்குமுன் இதையெல்லாம் சோதித்துப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டார். பார்த்தோம், அலுவலகத்தில் எல்லாரும் அவரவர் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தோம், எங்களில் எண்பத்திரண்டுக்கு முன் பிறந்தவர் ஒருவரும் இல்லை என்றேன்.

"அம்மா பொறந்த தேதியப் போட்டுப் பாக்கலையா மா?"

கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா எந்தத் தேதியில் பிறந்தார் என்று எனக்குத் தெரியாது.