பூனை சார் கனைத்த நாள்

வருஷம் முழுக்க அவர் 'இந்தாங்க'தான். மனைவி கூப்பிடுவது அப்படி. பக்கத்து வீட்டுக்காரருக்கோ அவர் 'என்னங்க, சும்மாதானே இருக்கீங்க'. பொதுத்தேர்வு வந்தால் மட்டும் அவர் 'சார்'. தற்காலிகத் தேர்வு மேற்பார்வையாளர் என்று அச்சடித்த ஓர் அட்டையைச் சட்டைப்பையில் குத்திவிடுவார்கள். அதைக் குத்திக்கொண்டு அவர் தெருவில் நடக்கிற நடையைப் பார்த்தால், வினாத்தாளையே அவர்தான் தயாரித்தார் என்று தோன்றும்.

முன்பு சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து இடம் காட்டிக்கொண்டிருந்தவர். கொட்டகையை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு, வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் மனைவிக்குப் பொத்தான் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. ஆனால் இருட்டில் யார் காலை எங்கே நீட்டுகிறார்கள் என்று பார்த்துப் பழகிய கண். தேர்வறை வெளிச்சத்தில் சும்மா இருக்குமா? ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வார். சத்தம் வரும் என்று பையில் சாவிகூட வைக்க மாட்டார். பின்வரிசைக்குப் பின்னால் நின்று பிள்ளைகளின் தோள்களையே பார்ப்பார். பிட்டு வைத்திருக்கிறவனுக்கு ஒரு தோள் மட்டும் இறங்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இறங்கியதும் ஓசைப்படாமல் போய் நின்று ஒரு கனைப்பு. பிட்டு தானாக மேசைக்கு வந்துவிடும். பிள்ளைகள் பூனை சார் என்று பெயர் வைத்தார்கள். கோபம் வந்ததுபோலக் காட்டிக்கொள்வார். பின்னால் 'சார்' ஒட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் பூனை என்ன, பெருச்சாளி என்றாலும் அவருக்குச் சம்மதம்.

இந்த வருஷம் கல்வி அமைச்சர் அவருடைய அடிமடியிலேயே கை வைத்தார். தெருவில் போகிறவர்களைப் பிடித்துத் தேர்வறையில் நிறுத்துவது இனிமேல் கிடையாது, ஆசிரியர்களே நிற்கட்டும் என்றார். போன ஆட்சியில் எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, தற்காலிகப் பணியாளர்கள் கல்வியின் முதுகெலும்பு என்று தொண்டை கிழியப் பேசியவரும் இவரேதான். இப்போதைய எதிர்க்கட்சிக்காரர்கள், பழையபடி ஆள் எடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கும் பூனை சார்மேல் பாசம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. அமைச்சர் வேண்டாம் என்றார், அதனால் அவர்களுக்கு வேண்டும்.

தீர்மானத்தின்மேல் பேசப் பூனை சாருடைய தொகுதி உறுப்பினரைப் போட்டார்கள். ஜெயித்த நாளிலிருந்து கொட்டாவிக்குத் தவிர மன்றத்தில் வாயைத் திறக்காதவர் அவர். ஒரு மேற்பார்வையாளரைப் பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்துப் பேச்சுக்கு நடுவில் கை காட்டினால் பத்திரிகையில் படம் வரும் என்று அவருக்கு யோசனை பிறந்தது. ஆள் அனுப்பிப் பூனை சாரைக் கூப்பிட்டார்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் கை காட்டினா எழுந்து நில்லுங்க, போதும்."

"நிக்கறதுதாங்க என் தொழிலே."

மனைவி சட்டையைத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "அங்க போயும் எவன் தோளையாவது பாத்துட்டு நிக்காதீங்க. போனோமா வந்தோமான்னு இருங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

மன்றத்து மாடத்தில் காலை வைத்ததும் அவருக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. வரிசை வரிசையாக மேசைகள். முன்னால் உயரத்தில் சபாநாயகர். சுவரில் பெரிய கடிகாரம். சத்தம் போடக் கூடாது என்று காவலர் வேறு சொன்னார். கீழே ஓர் உறுப்பினர் தூங்கினார், இன்னொருவர் தாளில் பூ வரைந்துகொண்டிருந்தார். இது தேறாத வகுப்பு என்று பூனை சார் முடிவுகட்டினார். கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

தொகுதி உறுப்பினர் எழுந்தார். "நம் பிள்ளைகளின் நேர்மைக்குக் காவல் நிற்பவர்கள் இந்த எளிய மனிதர்கள்" என்று ஜோராகத்தான் ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. பின்வரிசையிலிருந்து மடித்த தாள் ஒன்று நகர்ந்து வந்தது. வாங்கி மேசைக்கு அடியில் பிரித்தார். வலது தோள் இறங்கியது.

பூனை சாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அந்த மனுஷர் தனக்காகத்தான் பேசுகிறார் என்பது அந்த நிமிஷத்தில் அவர் நினைவிலேயே இல்லை. எழுந்து படிகளில் இறங்கினார். பக்கத்தில் நின்ற காவலருக்குக்கூடக் கேட்கவில்லை. மாடத்தின் விளிம்பில் நின்று கனைத்தார்.

"மூணாவது வரிசை, ஓரத்துல. மேசைக்கு அடியில இருக்கறத மேல வைங்க."

உறுப்பினர் சட்டென்று தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்ததோடு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

மன்றத்தில் கூரை இடிந்துவிடும் போலச் சிரிப்பு. தூங்கியவரும் விழித்து, எதற்கென்று தெரியாமலே சிரித்தார். அமைச்சர் நிதானமாக எழுந்தார்.

"இவங்களுக்கு இடம் பொருள் தெரியாதுன்னு சொன்னேன். நண்பர் சாட்சியையே கூட்டிட்டு வந்துட்டார். நன்றி."

காவலர் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் பூனை சாரை வெளியே கொண்டுபோய் விட்டார். முகத்தில் ஈயாடாமல் உறுப்பினரும் பின்னாலேயே வந்தார்.

"உனக்காகத்தானேய்யா பேசிட்டிருந்தேன்."

"பேச்சு நல்லாத்தாங்க இருந்துச்சு. பாத்துப் படிக்காம சொல்லியிருக்கலாம்."

உறுப்பினர் பல்லைக் கடித்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். வாக்கெடுப்புக்கு மணி அடித்தபோது அவருடைய இருக்கை காலி. தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது.

மனைவி எல்லாவற்றையும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். "ஒரே ஒரு தடவை, பாத்தும் பாக்காத மாதிரி இருந்திருக்கக் கூடாதா?"

"பாத்துட்டேனே" என்றார். அழுகை வந்தது. அட்டை குத்துகிற இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

பொதுத்தேர்வு தொடங்கிய காலையில், நிற்க முடியவில்லை, நாற்காலி வேண்டும் என்று ஆசிரியர்கள் மனு கொடுத்திருப்பதாகச் செய்தி வந்தது. அமைச்சர் அதற்கு ஒரு குழு போட்டார். பூனை சார் பழக்கத்தில் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டார். போக இடமில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தையல் இயந்திரத்தில் குனிந்திருந்த மனைவிக்குப் பின்னால் மேலும் கீழும் நடந்தார்.

"சார்" என்றாள் அவள், திரும்பாமலே.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் நின்றுவிட்டார்.

"நான் யாரையும் பாத்துத் தைக்கலை. உக்காந்து பொத்தான் எடுத்துக் குடுங்க, சார்."

அவர் கனைத்துப் பார்த்தார். உட்கார்ந்து பொத்தான் டப்பாவைத் திறந்தார்.