பார்க்காத நாளுக்குச் சுழி போடமாட்டேன்

மழைமானிப் பதிவேட்டில் சுழி இருந்தால், போய்ப் பார்த்தோம், மழை இல்லை என்று பொருள். கோடு இருந்தால், யாரும் பார்க்கவில்லை என்று பொருள். இந்த வித்தியாசத்துக்காக, உதவிப் பொறியாளரான நான் என் மேலதிகாரியோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றேன்.

எங்கள் அலுவலகம் இருக்கும் சங்கரன்கோவிலில் ஆடி மாதம் வெறும் காற்றுதான். மேகம் மேற்கே மலையோடு நின்றுவிடும். அங்கே பெய்யும் மழை, செங்குத்தான சரிவில் இரண்டு மணி நேரத்தில் அடிவாரத்து ஆற்றுக்கு வந்துவிடும். அந்த ஆடியில் எங்கள் மலை மழைமானியை யானை சாய்த்துவிட்டது. சரிசெய்ய ஒன்பது நாளாயிற்று. ஒன்பது நாளுக்கும் கோடு போட்டேன்.

அதில் ஒரு நாள் காலை, புளியங்குடிக்கு மேற்கே ஆற்றில் வெள்ளம் வந்து மதியத்துக்குள் வடிந்தது. அங்கே எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர்தான் எங்களுக்காக ஆற்றின் அளவுகோலைப் பார்த்து எழுதுகிறவர். உயரத்தை எழுதியிருந்தார்.

அந்த ஆற்றின் தரைப்பாலத்தை எவ்வளவு உயர்த்துவது என்று நாங்கள் அறிக்கை தரவேண்டும். ஊரில் மழை இல்லாததால் மலைக்கும் சுழி போடச் சொன்னார் அதிகாரி. போட்டால், மழையில்லாமல் வந்த வெள்ளம் பதிவுப் பிழை என்றாகிவிடும். அக்காவின் அளவை அடித்துவிடுவார்கள். பாலம் தாழ்ந்துபோகும்.

"ஊரே காஞ்சு கெடக்கு. ஆத்துல மட்டும் எங்கன இருந்தும்மா தண்ணி வரும்?"

"மேல பெஞ்சிருக்கும் சார்."

"நீ பாத்தியா?"

"இல்ல சார். அதான் கோடு போட்டிருக்கேன்."

அக்காவிடம் போனில் சொன்னேன்.

"நான் என்ன, வெள்ளத்தக் கனவுலயா கண்டேன்? அந்த சார இங்கன வரச் சொல்லுங்க மேடம். எலுமிச்ச மரத்துல சருகு எம்புட்டு உசரத்துல தொங்குதுன்னு காட்டுதேன்."

அதிகாரி வரவில்லை. நான் போனேன். மூன்று எலுமிச்சை மரங்கள், ஒரு மோட்டார் அறைச் சுவர்: சருகும் சேறும் நின்ற உயரத்தை நான்கு இடத்திலும் அளந்தேன். மூன்று, அக்கா எழுதியதோடு ஒத்துப்போயின. சுவரில் மட்டும் நான்கு விரல் கூடுதல். அதையும் மறைக்காமல் எழுதினேன். படம் எடுத்தேன்.

சுழி போடுவதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள், இந்த அளவுகளை நான் தனியாக அனுப்பிக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. கோப்பு இரண்டு நாள் அவர் மேசையிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள், கோடுகளும் அக்காவின் அளவும் இருந்தபடியே அறிக்கை போயிற்று. தம் கையெழுத்துக்குப் பக்கத்தில், 'உதவிப் பொறியாளர் வற்புறுத்தியபடி' என்று எழுதியிருந்தார். என்மேல் குற்றம் சாட்டத்தான் அப்படி எழுதினார். அதை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.